ஐபேம் பதிவுகள் அழிந்த பின் டிஹெச்சிபி லீஸ் விவரத்தை எங்கே தேடுவது: வழிகளின் ஒப்பீடு

“சென்ற வியாழக்கிழமை பிற்பகல் 3.10 மணிக்கு 10.20.14.87 என்ற முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது?” பாதுகாப்புக் குழுவிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால், விண்டோஸ் சர்வரின் ஐபேம் வசதியை, அதாவது வலையின் ஐபி முகவரிகளை ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் கருவியை, நிறுவியிருக்கும் நிர்வாகி வழக்கமாக அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. நிகழ்வுப் பட்டியலில் முகவரியையும் தேதியையும் கொடுத்தால், கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் அந்த நேரத்தில் அதை லீஸாக (குறிப்பிட்ட காலத்துக்கான ஒதுக்கீடாக) பெற்றிருந்த கணினியின் பெயர், அதன் மேக் முகவரி (வலை அட்டையின் அடையாள எண்), அதில் உள்நுழைந்த பயனர் ஆகிய மூன்றும் வந்து நிற்கும். ஆனால், வட்டில் இடம் போதவில்லை என்று யாரோ அந்தப் பட்டியலை முந்தின நாள்தான் துடைத்துவிட்டிருந்தால் தேடலுக்கு விடையாக வெற்றுத் திரையே கிடைக்கும். கேள்வி வந்த நாள் செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கிழமைக் கணக்கு வெறும் எடுத்துக்காட்டு அன்று. எந்த வழியைத் தேர்வது என்பதையே அது முடிவு செய்யப்போகிறது.

இத்தகைய அழிவு ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. 2012ஆம் ஆண்டு விண்டோஸ் சர்வரில் அறிமுகமான ஐபேம், 1 லட்சம் பயனர்களின் 3 ஆண்டுத் தடயத் தரவைச் சேமிக்கவல்லது என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. ஆனால் பழைய தரவைத் தானாகவே நீக்கும் விதி எதையும் அதில் வைக்கவில்லை. நீக்குவது நிர்வாகி கையால் செய்ய வேண்டிய வேலை. கையால் செய்யும் வேலையில் தேதி ஒன்றைத் தவறாகத் தேர்ந்தாலே போதும், ஓராண்டுத் தரவுக்குப் பதிலாக மொத்தமும் போய்விடும்.

பதற்றத்தில் பலர் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. ஐபேமில் இருந்தது மூலப் பதிவு அன்று, நகல். ஐபேம் சர்வர் இயல்பாக நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஹெச்சிபி சர்வரிடமும் சென்று, அங்கே பகிரப்பட்டுள்ள தணிக்கைப் பதிவுக் கோப்புறையைப் படித்து, தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. பயனர், கணினிக் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்களிடமும், வலையில் இணைய அனுமதி தரும் நெட்வொர்க் பாலிசி சர்வர்களிடமும் பயனர் உள்நுழைவு நிகழ்வுகளை இப்படியே திரட்டுகிறது. டிஹெச்சிபி தணிக்கைக் கோப்புறையின் மீது அதற்குத் தரப்படுவது படிக்கும் உரிமை மட்டுமே. ஆகவே மத்தியில் எதை அழித்தாலும், கிளைகளில் உள்ள மூலங்கள் அதனால் அழிவதில்லை. அவை தத்தம் ஆயுள் முடிந்தே அழிகின்றன, அந்த ஆயுள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுகிறது. கேட்கப்படும் நேரம் எவ்வளவு பழையது என்பதே இங்கே முதல் அளவுகோல். எந்தக் கருவி வசதியானது என்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் டிஹெச்சிபி சர்வரின் தணிக்கைப் பதிவு. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிஹெச்சிபி என்ற கோப்புறையில் கிழமைக்கு ஒன்றாக ஏழு உரைக்கோப்புகள் இருக்கும். ஐபிவி6 லீஸ்களுக்குத் தனியே இன்னொரு வரிசை உண்டு. கோப்பின் பெயரில் தேதி இல்லை, கிழமையின் மூன்றெழுத்துச் சுருக்கம் மட்டுமே உள்ளது. நள்ளிரவில் புதிய கிழமை பிறக்கும்போது, அந்தக் கிழமையின் பழைய கோப்பு கடந்த 24 மணிநேரத்தில் மாற்றப்படாமல் இருந்தால், சர்வர் அதன் மீதே எழுதத் தொடங்கிவிடும். நம் எடுத்துக்காட்டில், செவ்வாய் இரவு 12 மணிக்குச் சென்ற புதன்கிழமையின் கோப்பு போய்விடும். புதன் இரவு 12 மணிக்கு நாம் தேடும் வியாழக்கிழமையின் கோப்பே போய்விடும். எனவே எந்த வழி சிறந்தது என்று விவாதிக்கும் முன்பே, ஏழு கோப்புகளையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு பின்னர் மாறவில்லை என்று காட்டும் எண்) குறித்து வைத்துவிட வேண்டும். கோப்புறை இயல்பான இடத்தில் இல்லையென்றால், டிஹெச்சிபி மேலாண்மைத் திரையில் பண்புகளின் மேம்பட்ட பக்கம் அதன் உண்மையான பாதையைக் காட்டும்.

இந்தக் கோப்பின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும்: 10 என்றால் புதிய லீஸ், 11 என்றால் புதுப்பித்தல், 12 என்றால் கணினியே திருப்பித் தந்தது, 16 என்றால் லீஸ் நீக்கப்பட்டது, 17, 18 ஆகியவை காலாவதி. அடுத்து தேதி, நேரம், விளக்கம், முகவரி, கணினிப் பெயர், மேக் முகவரி என்று காற்புள்ளியிட்டு வரும். எந்த விரிதாளிலும் திறந்து வடிகட்டிவிடலாம்.

ஆனால் வடிகட்டிய பிறகு செய்யும் ஒரு தவறு மிகப் பரவலானது: வியாழக்கிழமைக் கோப்பில் 10.20.14.87 இல்லை என்றால், அன்று அந்த முகவரி யாரிடமும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவது. விண்டோஸ் டிஹெச்சிபியின் இயல்பான லீஸ் காலம் 8 நாள். கணினி அதில் பாதி கழிந்ததும், அதாவது 4ஆம் நாள், புதுப்பிக்கக் கேட்கும். அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி முந்தைய திங்கட்கிழமை புதுப்பித்திருந்தால், அடுத்த வரி வெள்ளிக்கிழமைதான் விழும். இடைப்பட்ட வியாழக்கிழமையில் அந்த முகவரி முழு உரிமையோடு அதனிடம் இருந்திருக்கும், பதிவில் மட்டும் ஒரு சொல்லும் இருக்காது. ஆகவே தேட வேண்டியது ஒரு நாளின் வரியை அல்ல, ஒரு முகவரியின் தொடர்ச்சியை. புதன்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரை அந்த முகவரிக்கு 10, 12, 16, 17, 18 என்ற எண்கள் எதுவும் வராமல், வெள்ளியன்று குறிப்பிட்ட மேக் முகவரியோடு 11 வந்திருந்தால், லீஸ் புதன்கிழமைக்கு முன்பே தொடங்கி இடையறாமல் நீடித்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இதற்காகவே இன்றிரவு போகவிருக்கும் புதன்கிழமைக் கோப்பும் நமக்கு வேண்டும்.

இந்த வாதம் நிற்க வேண்டுமானால் பதிவு இடையில் அறுபடாமல் இருந்திருக்க வேண்டும், அதில்தான் இந்த வழியின் பலவீனம் ஒளிந்திருக்கிறது. தணிக்கைப் பதிவுகள் அனைத்துக்கும் சேர்த்து இயல்பான உச்ச அளவு 70 எம்பி. அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 10 எம்பி, ஒரு நாளுக்கு உரியது. அன்றைய கோப்பு அந்த அளவைத் தாண்டினால் சர்வர் நள்ளிரவு வரை மேற்கொண்டு எதையும் எழுதாமல் விட்டுவிடலாம். ஒரு வரி 120 பைட் என்று கொண்டால் 10 எம்பியில் ஏறத்தாழ 87,000 வரிகள் அடங்கும். 300 மேசைக் கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு இது தாராளம். லீஸ் காலத்தை 1 மணிநேரமாகக் குறைத்து வைத்திருக்கும் வைஃபை வலையில், 2,000 கருவிகள் அரை மணிக்கு ஒருமுறை புதுப்பித்தால், நாள் முழுவதும் இணைந்திருக்கும் நிலையில் 96,000 புதுப்பித்தல்கள் ஆகின்றன. டிஎன்எஸ் (கணினிப் பெயரை முகவரியோடு இணைக்கும் பட்டியல்) புதுப்பிப்புக்கென்று விழும் 30, 32ஆம் எண் வரிகள் இதற்கு மேல். அத்தகைய சர்வரில் பிற்பகல் 3.10 என்பது பதிவு நின்றுபோன பிறகான நேரமாக இருக்கக்கூடும். ஆகவே கோப்பின் கடைசி வரி எத்தனை மணிக்கு விழுந்தது, இடம் போதாமல் பதிவு நிறுத்தப்பட்டதைக் குறிக்கும் 02 என்ற எண் எங்காவது உள்ளதா என்று பார்த்த பின்னரே “வரி இல்லை” என்பதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டும்.

2012 பதிப்பு முதல் இரண்டு சர்வர்கள் இணைந்து இயங்கும் ஃபெயிலோவர் ஏற்பாடு உள்ள இடங்களில், லீஸ் விவரம் இருவருக்கும் பொதுவானாலும் தணிக்கைப் பதிவு அவரவருக்குத் தனி. ஒருவர் விடை தந்த கோரிக்கையின் வரி மற்றவர் கோப்பில் இருக்காது. இரண்டையும் எடுத்து நேர வரிசையில் ஒன்றாக்கிப் படித்தால்தான் மேலே சொன்ன தொடர்ச்சி கிடைக்கும்.

இரண்டாவது வழியாகப் பலருக்கும் உடனே தோன்றுவது டிஹெச்சிபி தரவுத்தளம், அதாவது மேலாண்மைத் திரையில் தெரியும் நடப்பு லீஸ் பட்டியல். இதைக் குறைத்து மதிப்பிடுவோரும் உண்டு, மிகையாக நம்புவோரும் உண்டு. அந்தப் பட்டியல் இப்போதைய நிலையைச் சொல்வது. காலாவதியான லீஸை இயல்பாக 4 மணிநேரம் வைத்திருந்து பிறகு நீக்கிவிடும். அதன் தானியங்கிக் காப்பு நகலும் 60 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதப்படுவதால் வரலாற்றைச் சுமப்பதில்லை. முகவரி கைமாறியிருந்தால் முந்தைய உரிமையாளரைப் பற்றி அது வாய் திறக்காது.

இருந்தாலும் அதிலிருந்து ஒரு முக்கியமான செய்தியைக் கணக்கிட்டு எடுக்கலாம். காலாவதி நேரத்திலிருந்து லீஸ் காலத்தைக் கழித்தால் கடைசியாகப் புதுப்பித்த நேரம் கிடைக்கிறது. நம் முகவரியின் காலாவதி வரும் வியாழக்கிழமை காலை 11.20 என்று காட்டினால், 8 நாளைக் கழிக்க, அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது சென்ற புதன்கிழமை காலை 11.20. அதற்குப் பிறகு அது வேறு யாரிடமும் போகவில்லை. எனில் வியாழன் பிற்பகல் 3.10க்கு அந்த லீஸ் இதே மேக் முகவரியின் பெயரில்தான் இருந்தது. வியாழன் மாலை எடுத்துச் செல்லப்பட்டு, பிறகு அலுவலகப் பக்கமே திரும்பாத ஒரு மடிக்கணினியைப் பிடிப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. காலாவதி நேரம் அதைவிடப் பிந்தியதாக இருந்தால், அதாவது வியாழனுக்குப் பிறகு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட்டிருந்தால், இந்தக் கணக்கு தனியே எதையும் நிறுவாது. தணிக்கைப் பதிவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஐபேம் தரவுத்தளத்தையே காப்பு நகலிலிருந்து மீட்பது. கேள்வி ஏழு நாளுக்கு உட்பட்டதாக இருக்கும்போது இதில் முதலில் இறங்குவது நேர விரயம் என்பது என் கருத்து. ஆனால் கேள்வி இரண்டு மாதம் பழையது என்றால் எஞ்சியிருக்கும் பெரிய நம்பிக்கை இதுதான். இதன் கடினம் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2012 ஆர்2 பதிப்பு முதல் ஐபேம் தரவை எஸ்கியூஎல் சர்வரில் வைக்க முடியும். அப்படி வைத்து, முழு மீட்பு முறையில் பரிவர்த்தனைப் பதிவையும் (தரவுத்தளத்தில் நடந்த மாற்றங்களின் வரிசை) காப்பெடுத்து வந்திருந்தால், துடைப்பதற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலையை வேறு பெயரில் மீட்டெடுத்துக் கேள்வியைக் கேட்டுவிடலாம். நடப்புத் தரவுத்தளத்தைத் தொட வேண்டியதே இல்லை. விண்டோஸோடு வரும் உள் தரவுத்தளத்திலேயே விட்டிருந்தால், பெரும்பாலும் முழு சர்வரின் காப்பு நகலையே எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்பும்போது அதை வலையிலிருந்து துண்டித்தே எழுப்ப வேண்டும். ஒரே பெயரும் ஒரே டொமைன் கணக்கும் கொண்ட இரண்டு சர்வர்கள் ஒரே வலையில் நின்றால், பழைய சிக்கலோடு புதியதொன்றும் சேரும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நகலின் பின்தங்கல். ஐபேம் தணிக்கைத் தரவை நாளுக்கு ஒருமுறைதான் இழுக்கிறது. சர்வரின் காப்பு நகலும் இரவுக்கு ஒருமுறை எடுக்கப்படுவதாயின், இரண்டும் சேர்ந்து கடைசி இரண்டு நாள் வரை இடைவெளி விழலாம்.

மாதக்கணக்கில் பழைய கேள்விகளுக்கு ஐபேமை எழுப்புவதைவிட எளிய மாற்று ஒன்று பல இடங்களில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. டிஹெச்சிபி சர்வருக்கே வாராந்திரக் காப்பு நகல் எடுக்கப்பட்டு வந்திருந்தால், ஒவ்வொரு நகலிலும் அந்தந்த வாரத்தின் ஏழு தணிக்கைக் கோப்புகள் அடங்கியிருக்கும். சர்வரை எழுப்ப வேண்டாம். கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். தொடர்ந்து வாரம் தவறாமல் எடுக்கப்பட்ட நகல்கள், நகலெடுத்த நாளின் எஞ்சிய நேரம் நீங்கலாக, ஏறத்தாழ முழு வரலாற்றையே தந்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் எடுத்திருந்தால் நான்கில் ஒரு வாரம்தான் கிடைக்கும். வட்டின் நிழல் நகல்கள் (விண்டோஸ் எடுத்து வைக்கும் முந்தைய நிலைகள்) இயக்கத்தில் இருந்தாலும் இதே பயன் உண்டு.

நான்காவது, லீஸை விட்டுவிட்டு உள்நுழைவைத் தேடுவது. சர்வரின் நடப்புக் கோப்புகள் தீர்ந்த பிறகு நான் இதைத்தான் அடுத்துப் பார்ப்பேன். டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4768, 4769 என்ற நிகழ்வுகள் கெர்பரோஸ் டிக்கெட் (டொமைனில் நுழைவதற்கான அனுமதிச்சீட்டு) கோரிய கணக்கையும், கோரிக்கை வந்த முகவரியையும் சேர்த்தே குறிக்கின்றன. இங்கே பலரும் பயனர் பெயரை மட்டும் தேடுகிறார்கள். கணினிகளுக்கும் டொமைனில் கணக்கு உண்டு. அவையும் டிக்கெட் கேட்கும். டாலர் குறியில் முடியும் அந்தக் கணக்கின் பெயரே கணினியின் பெயர். டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணிநேரம் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் கணினி நாள்தோறும் தடம் பதித்துக்கொண்டே இருக்கும். நான்கு நாளுக்கு ஒரு வரி தரும் டிஹெச்சிபி பதிவைவிட இந்த அடர்த்தி கூடுதல். தேடும்போது முகவரியின் முன்னால் இரட்டை முக்காற்புள்ளியும் எஃப்எஃப்எஃப்எஃப் என்ற எழுத்துகளும் (::ffff:) ஒட்டியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முகவரி அப்படியே முழுமையாகப் பொருந்த வேண்டும் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

குறைகளும் உண்டு. இந்தப் பதிவு ஒரு கன்ட்ரோலரிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்படுவதில்லை என்பதால் எல்லாவற்றிலும் தேட வேண்டும். இதன் ஆயுள் நாளால் அல்ல, கொள்ளளவால் அளக்கப்படுகிறது. பெரிய டொமைனில் சில மணிநேரத்திலேயே பழையது வழிந்துவிடும். டொமைனில் சேராத அச்சுப்பொறி, கண்காணிப்பு கேமரா, விருந்தினர் கைப்பேசி ஆகியவற்றின் தடம் இதில் இருக்காது. மேக் முகவரியும் கிடைக்காது.

வைஃபை வலையில் மேக் முகவரி கிடைப்பதே இப்போது பெரிய விடையாக இல்லை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவை முதல், கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வலைக்கு வலை மாறும் புனைமுகவரியைக் காட்டுவது இயல்பாகிவிட்டது. தணிக்கைப் பதிவிலிருந்து மேக் முகவரியை எடுத்துச் சொத்துப் பதிவேட்டில் தேடினால், அப்படி ஒரு கருவியே நம்மிடம் இல்லை என்று தெரியவரும். அங்கே ரேடியஸ் கணக்குப் பதிவுதான் (வலையில் யார், எப்போது இணைந்தார் என்ற பதிவு) கைகொடுக்கும். இணைந்த கருவியின் மேக் முகவரியும் பயனர் பெயரும் ஒரே பதிவில் வருவதால் புனைமுகவரியின் பின்னால் இருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கணக்குத் தொடக்கச் செய்தி பெரும்பாலும் லீஸ் கிடைப்பதற்கு முன்பே புறப்பட்டுவிடுவதால் அதில் ஐபி முகவரி இல்லாமல் இருக்கலாம், இடைக்காலப் புதுப்பிப்புச் செய்திகளில் தேட வேண்டும்.

சுவிட்சுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிஸ்கோ கருவிகளில், ஐபி முகவரியை மேக் முகவரியோடு இணைக்கும் ஏஆர்பி பட்டியலின் இயல்பான ஆயுள் 4 மணிநேரம், எந்த மேக் முகவரி எந்த இணைப்பில் உள்ளது என்று காட்டும் மேக் பட்டியலின் ஆயுள் 300 விநாடி. ஐந்து நாளுக்கு முந்தைய கேள்விக்கு இவை உதவா. கருவியை அடையாளம் கண்ட பிறகு, அது இப்போது எந்த மேசையின் எந்த இணைப்பில் செருகப்பட்டிருக்கிறது என்று காண மட்டும் பயன்படும். ஐயத்துக்குரிய கணினி கையில் இருந்தால், அதன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளின் தரவகம்) லீஸ் பெற்ற நேரமும் முடியும் நேரமும் யூனிக்ஸ் விநாடிகளாக (1970 தொடக்கம் முதல் எண்ணப்படுபவை) பதிந்திருக்கும். ஆனால் அடுத்த புதுப்பித்தலிலேயே அவை மாறிவிடும்.

எந்த இரண்டு வழிகளை இணைத்துப் படித்தாலும் நேரக் கணக்கு ஒரு பொறி. டிஹெச்சிபி தணிக்கைப் பதிவு சர்வரின் உள்ளூர் நேரத்தில் எழுதப்படுகிறது. நிகழ்வுப் பதிவு உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டு, பார்ப்பவரின் கணினி நேரத்தில் காட்டப்படுகிறது. ரெஜிஸ்ட்ரி விநாடிகள் உலகப் பொது நேரம். இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது; பிற்பகல் 3.10 என்பது உலகப் பொது நேரத்தில் காலை 9.40. ஃபயர்வால் பதிவில் இருந்த 3.10 எந்த நேரக் கணக்கு என்று பாதுகாப்புக் குழுவிடம் முதலில் கேட்காமல் தொடங்கினால், மிகத் துல்லியமாகத் தேடித் தவறான ஊழியரின் பெயரைக் கொடுக்கும் நிலை வரலாம். ஒரு மனிதரின் வேலை இதைப் பொறுத்திருக்கக்கூடும் என்பதால், ஒரே மூலத்தை வைத்துப் பெயர் சொல்வதை நான் ஏற்பதில்லை. லீஸ் பதிவு ஒரு கருவியைக் காட்ட, கெர்பரோஸ் அல்லது ரேடியஸ் பதிவு அதே கருவியையோ அதன் பயனரையோ தனியே காட்ட வேண்டும்.

ஆகவே செவ்வாய்க்கிழமை மாலையில் நிற்கும் நம் நிர்வாகி செய்ய வேண்டியது இது. இரண்டு டிஹெச்சிபி சர்வர்களின் ஏழேழு கோப்புகளையும், நடப்பு லீஸ் பட்டியலின் ஏற்றுமதியையும், எல்லா டொமைன் கன்ட்ரோலர்களின் பாதுகாப்புப் பதிவையும் நள்ளிரவுக்குள் நகலெடுக்க வேண்டும். படிப்பதை நாளை வைத்துக்கொள்ளலாம். படித்ததில் தொடர்ச்சி அறுந்திருந்தால் மட்டும் ஐபேம் காப்பு நகலைக் கேட்க வேண்டும். இதே கேள்வி இன்னும் இரண்டு நாள் தாமதித்து வியாழக்கிழமை வந்திருந்தால் வரிசை தலைகீழாகிவிடும்: காப்பு நகலில் உள்ள தணிக்கைக் கோப்புகள் முதலில், ஐபேம் மீட்பு அடுத்து, நடப்புக் கோப்புகள் பக்கச் சான்றாக மட்டும்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இதில் சட்டப் பக்கமும் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளை, தகவல்தொழில்நுட்ப அமைப்புகளின் பதிவுகளை 180 நாளுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கவும், கடிகாரங்களை வகுக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. ஏழே நாள் வாழும் கிழமைக் கோப்பும், கையால் துடைக்கத்தக்க ஐபேம் பட்டியலும் மட்டுமே கையில் இருந்தால் அந்த 180 நாள் நிறைவேறாது. நள்ளிரவு கடந்த 10ஆவது நிமிடத்தில், முடிந்த நாளின் கோப்பைத் தேதியிட்ட பெயரோடு வேறொரு சர்வருக்கு நகலெடுக்கும் ஒரு சிறு திட்டமிட்ட பணி இதற்குப் போதும். நகல் போகும் இடத்தில் டிஹெச்சிபி நிர்வாகிக்கும் ஐபேம் நிர்வாகிக்கும் அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. கூடவே 70 எம்பி என்ற உச்ச அளவை 700 ஆக உயர்த்த வேண்டும். அந்த மாற்றம் டிஹெச்சிபி சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பிறகே நடப்புக்கு வரும் என்பதால், நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்கான நகல்களை எடுத்து முடித்த பின்னரே அதைச் செய்ய வேண்டும்.